பேஸ் கிட்டார் பிடிக்க நினைக்கும் வட சென்னைத் தம்பி தங்கைகளுக்கு

"ண்ணா, ஆறு கம்பி கிட்டார் ஓரளவு வருது. எங்க ட்ரூப்புல பேஸுக்கு ஆளு இல்ல. நான் மாறிடலாமா? இன்னா கிட்டார் வாங்கலாம்?"

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எங்கிருந்தாவது மாதத்துக்கு ஒருவர் இப்படிக் கேட்டு வந்துவிடுகிறார். முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் இரண்டாவது கேள்வி வந்துவிடும். நான் பதினைந்து வருடமாக வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம், ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருவில் மேடை. ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் நின்று சொன்னதை மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் காது

கிட்டார் வாங்கும் முன் செலவில்லாத ஒரு வேலை. உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரு சினிமாப் பாட்டை போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு அதே பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். இரண்டாம் தடவை கீழே, தாழ்ந்த ஒலியில், புதிதாக ஒன்று நடமாடும். அதுதான் உங்கள் வேலை. பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போனுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தள்ளவே முடியாது. போனிலேயே பாட்டு கேட்டு வளர்ந்த பையன்கள் பலர் பேஸ் என்ற ஒன்றைக் கேட்டதே இல்லை என்பது உண்மை.

இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டிருக்கும். அவரிடம் நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரகுமானின் இசையில் நீங்கள் கேட்கும் பேஸில் நிறைய கீத் பீட்டர்ஸின் கை. ஒரு வாரம் பாடகரை மறந்துவிட்டு இவர்கள் இருவரையும் மட்டும் கேளுங்கள். அந்த ஒரு வாரத்தில் அலுப்பு வந்துவிட்டால் பேஸ் உங்களுக்கு வேண்டாம், ஆறு கம்பியிலேயே இருங்கள். அதில் ஒன்றும் குறைவில்லை.

எதை வாங்குவது

நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்), பேட்டரி இல்லாத பேசிவ் பேஸ். இதை மட்டும் தேடுங்கள். 1951இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த ப்ரெசிஷன் பேஸின் அமைப்பு கிட்டத்தட்ட இதுதான். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்த வாத்தியக்காரர்களுக்கு அது விடுதலை. அதோடு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வைத்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது, பெயரும் அதனால்தான். எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. கை சின்னதாக இருப்பவர்கள் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பார்க்கலாம். ஐந்து கம்பி இப்போது வேண்டாம். கீழே ஒரு கம்பி கூடினால் சும்மா இருக்கும்போது அடக்கி வைக்கவேண்டிய கம்பியும் ஒன்று கூடுகிறது.

பேட்டரி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் இரண்டாவது பேஸ் ஆக்டிவ், உள்ளே 9 வோல்ட் பேட்டரி. அந்த வகையில் கேபிள் ஜாக்கைச் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு வேறு சுவிட்ச் கிடையாது. ஒரு ஆடி வெள்ளி, புளியந்தோப்புப் பக்கம் மேடை. மத்தியானம் செட்டிங் முடித்து ஜாக்கைப் பிடுங்காமல் பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன். ஏற்கெனவே பழைய பேட்டரி வேறு. ராத்திரி மூன்றாவது பாட்டில் ஒலி கரகரத்து, தொண்டை கட்டியவன் மாதிரி ஆகி, நின்றே போனது. பெட்டிக்கடையில் பென்சில் பேட்டரிதான் இருந்தது. மீதிக் கச்சேரிக்குக் கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸ் வாசித்தார். அடுத்த கச்சேரிக்கு என்னைக் கூப்பிடவில்லை, அவரையே கூப்பிட்டார்கள்.

பழையது வாங்கத் தயங்காதீர்கள். நான் 7,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய பேஸில்தான் பாதி வாழ்க்கை ஓடியது. ஆனால் இரவில், அவசரத்தில், விற்பவர் வீட்டு வாசலில் நின்று வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் கழுத்தைத் துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். எந்த இடத்திலாவது செத்த சத்தமோ, அடுத்த ஃப்ரெட்டில் இடித்துக் கிரீச்சென்றோ வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருகும்போது கரகரப்பு வருவது சின்ன விஷயம், சுத்தம் செய்தால் போகும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

புதியது என்றால் அண்ணா சாலைக் கடைகளுக்குப் போய்வாருங்கள். திருவொற்றியூரிலிருந்தே மெட்ரோ இருக்கிறது. 1842இலிருந்து நடக்கும் மியூசி மியூசிக்கல் அங்கேதான். வாங்காவிட்டாலும் நாலைந்து பேஸைக் கையில் பிடித்துப் பாருங்கள். எடை தோளுக்குத் தெரியவேண்டும். சுமார் நான்கு கிலோ, இரண்டரை மணி நேரம். படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால் இது தெரியாது.

கடல் காற்றும் கம்பியும்

வாங்கியதில் பாதித் தொகையை நான் செட்டப்புக்கு (கழுத்து, கம்பி உயரம் எல்லாம் சரிசெய்வதற்கு) எடுத்து வைப்பேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பாதி வேண்டாம், ஆனால் ஒரு புது செட் கம்பிக்கும் ஒருமுறை கைதேர்ந்தவர் செட்டப் செய்வதற்கும் காசு ஒதுக்கியே ஆகவேண்டும். சரியாக வைத்த மலிவான பேஸ், சரியாக வைக்காத விலையுயர்ந்த பேஸைவிட நன்றாக வாசிக்கும்.

கழுத்தைப் பரிசோதிப்பது எப்படி என்பதை நீங்களே கற்றுக்கொள்ளலாம். இடது கையால் தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். வலது கையால் அதே கம்பியைக் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பி ஒரு நேர் ஸ்கேல் மாதிரி நிற்கிறது. ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் சரி. இடைவெளியே இல்லை என்றால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது, கம்பி இடிக்கும். இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் முன்னால் வளைந்திருக்கிறது, அழுத்த முடியாமல் விரல் வலிக்கும். கழுத்துக்குள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை ஆலன் சாவியால் (அறுகோணச் சாவி) வலப்பக்கம் திருகினால் கழுத்து நிமிரும், இடப்பக்கம் திருகினால் தளரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். திருகிவிட்டு ஒருநாள் விட்டு மறுபடி பாருங்கள். மரத்துக்கு அசைய நேரம் வேண்டும். சாவி இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ராடு முறிந்தால் கழுத்தே போனது.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் தொடங்குபவருக்குப் போதும்.

இனி துரு. காசிமேடு, ராயபுரம் பக்கம் வீட்டு ஜன்னல் கிராதியைப் பாருங்கள், உங்கள் கம்பிக்கு என்ன நடக்கும் என்று தெரியும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், செருப்புப் பெட்டியில் வருவதே போதும். பரண்மேல் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஷீட்டுக்குக் கீழே அது அடுப்பு. ஜன்னலை ஒட்டிய சுவரிலும் சாய்க்காதீர்கள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மூலை இருக்குமே, அங்கே நிற்கட்டும்.

கம்பி மந்தமாகிவிட்டது, புதிது வாங்கக் காசில்லை என்றால் ஒரு பழைய தந்திரம். கம்பிகளைக் கழற்றி வளையமாகச் சுருட்டிக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். சுற்றுக்களுக்கு நடுவில் அடைத்திருந்த அழுக்கும் எண்ணெய்ப் பசையும் வெளியே வரும். ஈரம் கொஞ்சமும் இல்லாமல் துடைத்துக் காயவைத்து மாட்டினால் ஒன்றிரண்டு வாரத்துக்குப் பழைய மினுக்கு திரும்பும். அம்மா இட்லிக்கு வைத்திருக்கும் பாத்திரத்தில் செய்யாதீர்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தபிறகு எங்கள் வீட்டில் அந்தக் குண்டான் எனக்கே எழுதி வைக்கப்பட்டது.

வீட்டில் சத்தம்

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பேஸ் ஆம்ப் வைத்துப் பழகினால் பக்கத்து வீடு மட்டுமல்ல, மேல்வீட்டுச் சாமான் அலமாரியும் அதிரும். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும், கதவைச் சாத்தினாலும் நிற்காது. ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு ஆம்ப் வாங்காதீர்கள். ஹெட்போன் செருகும் சின்ன ஆம்ப் ஒன்று போதும். நண்பனின் கிட்டார் ஆம்பில் செருகிப் பழகுவதாக இருந்தால் வால்யூமைக் குறைவாக வையுங்கள். கிட்டாருக்குச் செய்த ஸ்பீக்கர் பேஸின் அசைவைத் தாங்காமல் கிழியும்.

கரண்டும் இல்லை, ஹெட்போனும் இல்லை என்றால்? கிட்டாரின் தலைப்பகுதியை மர அலமாரிமேலோ கதவுமேலோ மெதுவாக முட்டுக் கொடுத்து வாசியுங்கள். கதவே ஸ்பீக்கர் ஆகிவிடும். இன்னொரு வழி, தாடையைக் கிட்டார் உடம்பின் மேல் கொம்பில் சாய்ப்பது. எலும்பு வழியாகச் சுரம் காதுக்குள் ஏறும், வெளியே யாருக்கும் கேட்காது. பார்க்கிறவர்கள் தூங்குகிறான் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான்.

நிறுத்தப் பழகுவது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும். என் முதல் மண்டபக் கச்சேரி முடிந்ததும் பேட் (ட்ரம்ஸுக்குப் பதிலாக அடிக்கும் எலக்ட்ரானிக் தட்டு) வாசித்த அண்ணன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீ அடிக்கறது கரெக்டா விழுது. ஆனா நீ எப்ப நிறுத்தறன்னு உனக்கே தெரியல. உன் சத்தம் என் கிக்கு மேல ஏறி உக்காந்துக்குது." கிக் என்றால் பெரிய ட்ரம்மின் தாழ்ந்த அடி.

எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து போனில் பதிவு செய்ததைக் கேட்டபிறகுதான் புரிந்தது. மண்டபச் சுவரில் முட்டித் திரும்பும் தாழ்ந்த சுரம் சீக்கிரம் சாகாது. நான் ஒரு சுரத்தை விடாமல் அடுத்ததைத் தொட்டால் இரண்டும் குழைந்து கஞ்சியாகிவிடும். பாடகருக்குச் சுருதி கிடைக்காது, பேட்டுக்காரருக்குத் தாளத்தின் ஓரம் தெரியாது. தொடக்கம் விரல் வேலை, முடிவும் விரல் வேலைதான்.

பயிற்சி இது. மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60இல் வையுங்கள், ஒரு தட்டுக்கு ஓர் எழுத்தாகத் த-க-தி-மி சொல்லுங்கள். 'த'வில் அடித்து, 'தி' சொல்லும்போது இடது விரலைத் தளர்த்தி நிறுத்துங்கள். தளர்த்துவது என்றால் கம்பியை ஃப்ரெட்டிலிருந்து விடுவதுதான், விரல் கம்பியை விட்டுப் போகக்கூடாது. முழுக்கத் தூக்கினால் திறந்த கம்பி, அதாவது எங்கும் அழுத்தாத கம்பி, ஊளையிடும். சரியாக வந்ததும் 'மி'யில் நிறுத்துங்கள். அப்புறம் 'க'வில். கடைசியில் 'த'வுக்கும் 'க'வுக்கும் நடுவிலேயே. தினம் பத்து நிமிடம், ஒரே சுரம். இதில் பெருமைப்பட ஒன்றும் இருக்காது, யாருக்கும் வாசித்துக் காட்டவும் முடியாது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் மாறி மாறி நடக்கட்டும். கட்டை விரல் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) மேல் ஓய்வெடுக்கும். நீங்கள் மெல்லிய கம்பிகளுக்குப் போகும்போது அது தடித்த கம்பிமேல் இறங்கி அதை அடக்கவேண்டும். டெட்ராய்ட்டின் மோடவுன் ஸ்டூடியோவில் எண்ணற்ற பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். ஆகவே இரண்டு விரல் என்பது சட்டமில்லை. ஆனால் அவருக்கு இருந்த தாளம் நமக்கு வரும்வரை இரண்டையும் பழகுவது நல்லது.

இடது கையில் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று நீட்டாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூன்று ஃப்ரெட்டுக்குள் பிடியுங்கள். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை. விரல் நுனி இரண்டு மூன்று வாரம் எரியும், அப்புறம் காய்த்துவிடும். மணிக்கட்டில் வலி வந்தால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சட்டி மேளமும் டோலக்கும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தகிட-தகிட நடை யாரும் சொல்லிக் கொடுக்காமலே உடம்பில் இருக்கும். கானாவுக்குப் பேஸ் வாசிக்கும்போது முதல் 'த'வில் சட்ஜம், இரண்டாவது 'த'வில் பஞ்சமம், அவ்வளவு போதும். இடையில் இருக்கும் 'கிட' டோலக்குக்கு உரியது. அதை நிரப்பப் போகாதீர்கள்.

கட்டைக் கணக்கு

புத்தகத்தில் ஏ, பி, சி என்று படித்துவிட்டு மேடைக்குப் போனால் பாடகர் திரும்பி "ஒன்றரை கட்டை" என்பார். திருதிருவென்று விழிக்கவேண்டாம். கட்டை என்பது ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்லும் சுருதி. 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவிலும் கறுப்பு கிடையாது.

இப்போது பேஸின் தடித்த கம்பியைப் பாருங்கள். சும்மா அடித்தால் 3 கட்டை. முதல் ஃப்ரெட் 4, மூன்றாவது 5, ஐந்தாவது 6, ஏழாவது 7, எட்டாவது 1. அடுத்த கம்பி சும்மா அடித்தால் 6, இரண்டாவது ஃப்ரெட் 7, மூன்றாவது 1, நான்காவது ஒன்றரை, ஐந்தாவது 2. இந்த இரண்டு கம்பி தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும். மற்ற இரண்டு கம்பியும் தானாக வந்துவிடும், ஏனென்றால் எங்கே சட்ஜம் பிடித்தாலும் பக்கத்து மெல்லிய கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் பஞ்சமம், அதற்கும் அடுத்த கம்பியில் அதே ஃப்ரெட்டில் மேல் சட்ஜம். ச-ப-ச. கீழ்ப் பஞ்சமம் வேண்டுமா, முதலில் சட்ஜம் பிடித்த ஃப்ரெட்டிலேயே பக்கத்துத் தடித்த கம்பி.

இந்த வடிவத்தைத் திறந்த கம்பி இல்லாமல் பழகினால் பெரிய லாபம் இருக்கிறது. பாடகருக்குத் தொண்டை சரியில்லாத நாளில் "அரைக் கட்டை எறக்கிக்கோ" என்று சொன்னால் நீங்கள் கையை ஒரு ஃப்ரெட் பின்னால் நகர்த்துவீர்கள், வேலை முடிந்தது. அந்த நேரத்தில் ஆறு கம்பிக்காரர் கழுத்தில் கவ்வும் கேப்போ கிளிப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

மேடை

முதல் மேடைக்குச் சர்ச் நல்ல இடம். பெரம்பூரிலோ ராயபுரத்திலோ ஏதாவது ஒரு கொயரில் பேஸுக்கு இடம் காலியாகவே இருக்கும். பாட்டுகள் முன்கூட்டித் தெரியும், வாராவாரம் வாசிக்கலாம், தப்பு செய்தால் திட்டமாட்டார்கள். டிசம்பர் கேரல் சீசன் ஒன்றை முழுக்க வாசித்தாலே கை பழகிவிடும். காசு வராது, கேக் வரும்.

தெரு மேடையில் கவனம் வேண்டிய விஷயம் கரண்ட். ஜெனரேட்டரிலிருந்தோ எங்கிருந்தோ இழுத்த வயரில் எர்த் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். உங்கள் விரல் கம்பிமேல், கம்பி ஆம்பின் உலோகத்தோடு சேர்ந்திருக்கிறது. இந்த நிலையில் வாய் மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கலாம். பையில் ஒரு லைன் டெஸ்டர் வைத்திருங்கள். பேஸின் பிரிட்ஜிலும் (உடம்பில் கம்பி மாட்டும் உலோகப் பகுதி) மைக்கின் வலையிலும் தொட்டுப் பார்த்து, லேசாக எரிந்தாலும் மைக்செட்டுக்காரரைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை ஜாக்கைப் பிடுங்கி வையுங்கள். பாட்டு தாமதமானால் ஆகட்டும்.

ஷாக் இல்லாவிட்டாலும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட், அதாவது 5 கட்டை, 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒட்டி ஒட்டிப் போகும். இரைச்சல் உள்ள மேடையில் காதால் சுருதி சேர்த்தால் கம்பி கொஞ்சம் தூக்கலாகப் போய்விடும். ஒரு கிளிப் ட்யூனரைத் தலையில் மாட்டிப் பார்த்து மட்டும் சேருங்கள்.

கேபிள் நீளம் 6 மீட்டருக்குள் இருக்கட்டும். நீளம் கூடக் கூட பேசிவ் பேஸின் மினுக்கு கேபிளிலேயே தொலைந்துவிடும். மிக்ஸர் தூரத்தில் இருந்தால் உங்கள் பக்கத்தில் டிஐ பாக்ஸ் (பேஸின் சத்தத்தை நீண்ட வயரில் கெடாமல் மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) வைக்கச் சொல்லுங்கள். ரிச்சி தெருவில் நல்ல ஜாக்கும் ஷீல்டு வயரும் வாங்கி நீங்களே சால்டர் வைத்துக்கொண்டால் கேபிள் உழைக்கும். நடு வயர் முனைக்கு, சுற்று வலை உடம்புக்கு. அவ்வளவுதான் கணக்கு.

நிற்கும் இடம் பேட்டுக்காரரின் பக்கத்தில், அவர் கை தெரிகிற மாதிரி. மண்டபம் குமுறினால் வால்யூமைத் தொடுமுன் ஆம்பில் இருக்கும் பேஸ் குமிழைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும்.

முதல் மேடைக்குப் பையில் இருக்கவேண்டியவை: இரண்டு கேபிள், ட்யூனர், டெஸ்டர், ஆலன் சாவி, பழைய பனியன் துணி, பைக்கு மேலே போர்த்த ஒரு பெரிய பாலித்தீன் கவர். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் கடைசிப் பொருள்தான் முதலில் உதவும். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது பேஸை முதுகிலிருந்து கழற்றிக் கால்களுக்கு நடுவில் தலை மேலாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் மாட்டியபடியே உட்கார்ந்தால் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வலப்பக்கம் பஸ் வரும்.